செப்டம்பர் பன்னிரண்டு

என் மகளுக்கு ஐந்து வயது முடிந்து சில மாதங்கள் ஆனபோது, அவள் காதுகளில் மாட்டியிருந்த கருவிகளால் இனிப் பெரிய பயன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறவியிலேயே கேட்கும் திறன் குறைவு. ஒன்றரை வயதில் கண்டுபிடித்துக் கருவி மாட்டினோம். மற்ற பிள்ளைகளைவிடத் தாமதமாக, ஆனால் தெளிவாகவே, அம்மா, பால், போ, பஸ்ஸு என்று சொல்ல ஆரம்பித்தாள். ஐந்தாவது வயதில் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக மழுங்கத் தொடங்கின. பஸ்ஸு முதலில் ‘பஉ’ ஆனது. பிறகு அதையும் சொல்லாமல் கையால் காட்டினாள். நான் அதைக் குறும்பு என்று நினைத்துக் கண்டித்திருக்கிறேன். வாயத் திறந்து கேட்டாத்தான் தருவேன் என்று பிஸ்கட் டப்பாவை உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பரிசோதித்த டாக்டர் ஒரு தாளில் சரிந்து இறங்கும் கோட்டைக் காட்டினார். “இனிமே ஆபரேஷன்தாம்மா. காதுக்குள்ள கருவி வெக்கணும். ஆறு வயசுக்குள்ள பண்ணிடுங்க. தள்ளிப் போடப் போடப் பலன் கொறைஞ்சுகிட்டே வரும்.”

என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மோல்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். அரசுக் காப்பீட்டின் வரம்பைச் சற்றே தாண்டிய சம்பளம். சொந்தச் செலவில் அந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொள்ள எந்த வகையிலும் எட்டாத சம்பளம். எங்களைப் போல நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கென்று நகரத்தில் ஓர் அறக்கட்டளை இருப்பதாக, அம்பத்தூரில் பேச்சுப் பயிற்சி தரும் மேடம் சொன்னார். வருடத்துக்கு ஒருமுறை பட்டியல் எடுப்பார்கள். அக்டோபர் கடைசி நாளன்று குழந்தைக்கு ஆறு வயது நிறைந்திருக்கக் கூடாது. என் மகள் பிறந்தது டிசம்பர் ஒன்பது. வீட்டுக்கு வந்து காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். ஐந்து வாரத்துக்கு மேல் இடைவெளி இருந்தது. இரண்டு முறை எண்ணினேன். பிறகு கணவரையும் எண்ணச் சொன்னேன்.

“பத்தாவது ஃபெயிலானவன் கிட்ட கணக்கு கேக்கற பாரு,” என்றார். ஆனால் எண்ணினார். “கரெக்டாத்தான் கீது. விடு, இந்த வாட்டி நம்மள்து ஒண்ணு கிளிக் ஆவும்.”

விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். என் கைபேசியில் அந்தப் பக்கம் பாதி திறந்து நின்றுவிடும். வீட்டில் இருந்த ஒரே கணினி, நான் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். அயனம்பாக்கத்துக்குக் குடிவந்த பிறகு அதை அலமாரிக்கு மேலே வைத்ததோடு சரி. எடுத்துத் துடைத்துப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து இரண்டு வரி வந்து நின்றது.

“எஸ்டேட் பக்கத்துல ஒரு கட கீதுமா. குடுத்தா ரெண்டு நாள்ல போட்டுத் தருவான்,” என்றார் கணவர்.

“நானே போடுறேன். நான் படிச்சது வேற எதுக்காம்?”

நான் படித்தது பி.எஸ்சி. கணினி அறிவியல். முதல் வகுப்பு. இரண்டு வருடம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மகளின் காது தெரியவந்ததும் விட்டுவிட்டேன். அதன்பின் என் படிப்பு வீட்டில் பயன்பட்டது சிலிண்டர் பதிவு செய்வதற்கும், மருந்துச் சீட்டுகளைப் படிப்பதற்கும்தான். கடையில் கொடுக்காமல் நானே செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கடையில் அந்த வேலையைத் தினம் பத்துத் தடவை செய்கிற ஒருவர், யோசிக்காமலே சரியாக வைத்திருப்பார்.

என் தங்கை ஒரு பென் டிரைவில் புதிய இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தாள். சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, தரையில் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். மகள் என் பக்கத்தில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். கணவர் கட்டிலில் இருந்தார்.

முதலில் வந்தது ஒரு சிறிய கட்டம். அதில் மூன்று வரிகள். எந்த மொழியில் நிறுவ வேண்டும். நேரமும் நாணயமும் எந்த நாட்டு வழக்கப்படி இருக்க வேண்டும். விசைப்பலகை எது. மூன்றிலுமே அமெரிக்கா என்று அதுவாகவே நிரப்பி வைத்திருந்தது. முதல் வரியை மாற்ற வழியில்லை, அதில் ஆங்கிலம் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவதைத் திறந்தால் உலகத்து மொழிகள் எல்லாம் கீழே கீழே இறங்கின.

அந்தச் சமயத்தில் பேச்சுப் பயிற்சி மேடம் சொன்ன ஒன்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. “வீட்ல ஒரே மொழி வெச்சுக்கோங்க. தமிழ்னா தமிழ் மட்டும். நீங்க ஆப்பிளு, அவரு ஆப்பிள் பழம், ஸ்கூல்ல வேற மாதிரின்னா, கேக்காத கொழந்த எத்தனைய புடிச்சுக்கும்?” அன்றிலிருந்து வீட்டில் எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஃபேன் மின்விசிறி ஆனது. கணவர் சிரிப்பார். அந்த வேகத்தில்தான் பட்டியலில் ‘டி’ எழுத்து வரைக்கும் இறங்கிப்போய், தமிழ், இந்தியா என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன்.

தேர்ந்தெடுத்ததுமே மூன்றாவது வரி தானாக மாறியது. விசைப்பலகையும் தமிழ் என்று காட்டியது. கடவுச்சொல்லை எப்படி அடிப்பது? தமிழ் எழுத்தில் விழுந்துவிட்டால் பிறகு உள்ளேயே போக முடியாதே. விண்ணப்பத்தின் ஆங்கிலப் பெட்டிகளில் தமிழ் விழுந்தால்?

“ஏங்க, தமிழ் வெச்சா கீபோர்டும் தமிழா மாறுது. வெக்கலாமா?”

அவர் எட்டிப் பார்த்தார். “தமிழா? வேணாம்மா. அப்பறம் எல்லாம் ‘உள்நுழைக’, ‘வெளியேறுக’ன்னு வந்துகினு இருக்கும். ஏடிஎம்ல ஒரு வாட்டி தெரியாத்தனமா தமிழ அமுக்கிட்டு நா பட்ட பாடு கீதே, பின்னாடி நின்னவன் அடிக்காத குறை. அதுவா இன்னா வெச்சுகீதோ அத்தயே வெச்சுடு. அதான் சேஃப்பு.”

நானும் அதையேதான் நினைத்தேன். அவர் சொன்னதால் மாற்றினேன் என்று எழுதினால் பொய். எங்கள் இருவருக்கும், தமிழ் வழியில் படித்து வளர்ந்த எங்கள் வீடுகளில் பலருக்கும், இந்தப் பழக்கம் இருக்கிறது. இயந்திரம் தானாகக் காட்டுவது சரியாக இருக்கும், நம்முடையதை உள்ளே விட்டால் ஏதாவது கெட்டுப்போகும் என்ற எண்ணம். மாறிய இரண்டு வரிகளையும் பழையபடி அமெரிக்காவுக்குத் திருப்பினேன். அதே பட்டியலில், கொஞ்சம் மேலே, ஆங்கிலம், இந்தியா என்று ஒன்று இருந்ததாம். நான் ‘டி’க்கு இறங்கும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். பிற்பாடு, எல்லாம் முடிந்த பிறகு, போய்ப் பார்த்தேன். இருந்தது.

மாலைக்குள் லேப்டாப் தயாரானது. நேரம் மட்டும் எங்கோ போய் நின்றது. அதை நம் நேரத்துக்கு மாற்றினேன். கடிகாரம் சரியானதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு சர்ச்சுக்குப் போய் வந்ததும் விண்ணப்பத்துக்கு உட்கார்ந்தோம். சான்றிதழ்களை எல்லாம் பாயில் பரப்பி வைத்திருந்தேன். மகளின் பெயரை ஆங்கிலத்தில் அடித்து, பிறப்புச் சான்றிதழோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். தகப்பன் பெயர், முகவரி, ஆதார் எண். ஆதாரை நான்கு நான்கு எண்ணாக அவர் வாசிக்க நான் அடித்தேன். பிறகு நான் வாசிக்க அவர் திரையில் பார்த்தார். இப்படியெல்லாம் செய்தவள்தான் நான்.

பிறந்த தேதிக்கு ஒரு பெட்டி. அதில் சாம்பல் நிறத்தில் மங்கலாக ஆங்கில எழுத்துகள். மாதம், நாள், வருடம் என்ற வரிசையில். கை வைத்ததும் மறைந்துவிடுகிற எழுத்துகள். எத்தனையோ படிவங்களில் பார்த்த பெட்டிதானே என்று நான் அவற்றைப் படிக்கவே இல்லை. ஒன்பது அடித்தேன். பன்னிரண்டு அடித்தேன். வருடத்தை அடித்தேன். பெட்டியில் நான் அடித்தது அடித்தபடியே இருந்தது. ஒன்பது, பன்னிரண்டு. சான்றிதழிலும் ஒன்பது, பன்னிரண்டு. ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

லேப்டாப் அதைச் செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி என்று எழுதி அனுப்பியது.

பதின்மூன்றாம் தேதியோ அதற்குப் பின்னோ அவள் பிறந்திருந்தால் அந்தப் பெட்டி ஏற்றுக்கொண்டிருக்காது. பதின்மூன்றாவது மாதம் கிடையாதே. எனக்குப் பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த நாள் டிசம்பர் பதினேழு. எட்டு நாள் முன்னாலேயே வலி வந்துவிட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், எதையெல்லாம் யோசிக்கிறாள் பார் என்பார்கள்.

சான்றிதழ்களின் படங்களையும் இணைத்து அனுப்பியதும் ஒரு பதிவு எண் வந்தது. விண்ணப்பத்தின் பிரதியைச் சேமித்து வைத்தேன். எண் இருக்கிறதா என்று முதல் பக்கத்தின் மேற்பகுதியை மட்டும் திறந்து பார்த்து மூடினேன்.

நவம்பர் நடுவில் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி. விதிமுறைகளின்படி தங்கள் விண்ணப்பம் தகுதி பெறவில்லை. காரணம் எதுவும் இல்லை. நான் அப்போது துணி காயப்போட மாடியில் நின்றிருந்தேன். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அதைப் பலமுறை படித்தேன்.

கணவர் வேலை முடிந்து வந்ததும் காட்டினேன். “வுடு,” என்றார். “நம்மள மாரி ஆயிரம் பேர் போட்டுருப்பான். ரெகமண்டேஷன் கீறவன் வாங்கினு போயிருப்பான்.” அவர் அதைச் சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

எதிலும் இரண்டாவது தடவை கேட்கிற நான் இதில் கேட்கவில்லை. பால் பாக்கெட்டின் தேதியைக் கடைக்காரரிடம் சண்டை போட்டு மாற்றுகிறவள், இதில் ஒரு போன் போடவில்லை. ஆங்கிலத்தில், அறக்கட்டளையின் பெயரோடு, ‘விதிமுறைகளின்படி’ என்று வந்தால் அது முடிந்த விஷயம் என்று நானும் அவரைப் போலவே நம்பினேன். அன்றைக்குப் பட்டியல் இன்னும் மூடப்பட்டிருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

டிசம்பர் வந்தது. வாசலில் நட்சத்திரம் கட்டினோம். ஒன்பதாம் தேதி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேக் வெட்டினோம். எல்லோரும் கைதட்டிப் பாடியபோது என் மகள் அவர்கள் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது முடியும், எப்போது ஊத வேண்டும் என்று தெரிந்துகொள்ள. முடிந்ததும் சரியாக ஊதினாள். ஆறு என்ற மெழுகுவர்த்தி.

ஜனவரியில், பேச்சுப் பயிற்சி மேடம் வேறோர் இடத்தில் சக்தி கூடிய கருவி கொடுக்கிறார்கள், முன்பு போட்ட விண்ணப்பம் இருந்தால் எடுத்து வாருங்கள் என்றார். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் பென் டிரைவோடு போனேன். அங்கே இருப்பவருக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி, வாயில் ஓயாமல் ஏதாவது. அச்சிட்ட தாள்களைத் தட்டிச் சேர்த்தவர், மேலிருந்த மகளின் புகைப்படத்தைப் பார்த்தார். பிறகு, பிரதி எடுக்க நான் கொடுத்திருந்த பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார்.

“இன்னா தங்கச்சி இது, ஒரே கொழந்த ரெண்டு வாட்டி பொறந்துகீது?”

“என்ன அண்ணே?”

“பாப்பாவுக்கு பர்த்டே எப்போ?”

“டிசம்பர் ஒன்பது.”

“சர்டிபிகேட்ல அப்டித்தான் கீது. இதுல பாரு, செப்டம்பர் பன்னெண்டு. வருஷத்துக்கு ரெண்டு கேக்கா? வூட்டுக்காரர் நல்லா சம்பாதிக்கறாரு போல.”

அவர் சிரித்துக்கொண்டே தாளை நீட்டினார். அதில் மாதத்தின் பெயரை எழுத்தாகவே போட்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

“இன்னாம்மா, எதுனா முக்கியமான அப்ளிகேஷனா?”

“வயசு வரம்பு இருந்துச்சுண்ணே. அக்டோபருக்குள்ள ஆறு ஆகக் கூடாதுன்னு.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். “நீ வூட்டு சிஸ்டத்துல போட்டியா? ரீஜன் யூஎஸ்ஸுல கீதோ? அதான். அவனுக்கு மாசம் முன்னாடி, தேதி பின்னாடி. நா இங்க எந்த சிஸ்டம் போட்டாலும் மொத வேலையா அத்த மாத்திட்டுத்தான் வேற வேல பாப்பேன். தெரியாம எத்தினி பேர் வந்து அழுதுகீறாங்க தெரியுமா?” கொஞ்ச நேரம் கழித்து, தாளுக்கு நான் கொடுத்த காசை வாங்க மாட்டேன் என்று தள்ளிவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து, அந்த அமைப்பு இருக்கும் இடத்துக்குப் போனேன். அமெரிக்கா. கீழே எடுத்துக்காட்டாக அன்றைய தேதியைக் காட்டியது. மாதம் முன்னால், நாள் பின்னால். இத்தனை மாதமும் திரையின் மூலையில் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் மணியை மட்டும் பார்த்திருக்கிறேன்.

இரண்டு நாள் கணவரிடம் சொல்லவில்லை. ரெகமண்டேஷன் கீறவன் வாங்கினு போய்ட்டான் என்று நினைத்து அவர் ஒருவிதமாக ஆறியிருந்தார். கம்பெனியில் கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அதை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, இல்லை, உன் வீட்டில் உட்கார்ந்து உன் மனைவி செய்தது என்று எப்படிச் சொல்வது? மூன்றாம் நாள் காலை, அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். இரண்டு தாள்களையும் முன்னால் வைத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். “நீ படிச்சவதானே?” என்றார்.

நான் இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன்.

“இல்ல, கேக்கறேன். ஒன்ன நம்பித்தானே எல்லாத்தயும் வுட்டேன். பேரு, அட்ரஸுன்னு அம்மாம் நேரம் பாத்தியே. தேதிய பாக்க மாட்டியா?”

“பாத்தேங்க. நான் அடிச்சதுதான் இருந்துச்சு.”

அவர் எழுந்தார். ஒரு ஷூ மட்டும் மாட்டியிருந்தது. மகள் எங்கள் இருவர் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குச் சத்தம் தெரியாது, முகம் தெரியும். வந்து அவர் காலடியில் உட்கார்ந்து அடுத்த ஷூவை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கி மாட்டிக்கொண்டார்.

“லீவு போடறேன்,” என்றார். “போய்க் கேப்போம். பொறப்பு சர்டிபிகேட்டு அவங்க கையிலதானே கீது. கொயந்த மேல இன்னா தப்பு?”

அம்பத்தூரில் ரயில் ஏறி நகரத்துக்குப் போனோம். அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். நல்லவர். அதனால் கோபப்படவும் முடியவில்லை. கணினியில் எங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்தார்.

“ஆமாம்மா. வயசு தாண்டிடுச்சுன்னு சிஸ்டமே தள்ளியிருக்கு.”

“மேடம், பர்த் சர்டிபிகேட் கூடவே வெச்சிருந்தேனே. அதுல டிசம்பர்னு இருக்குமே.”

“சிஸ்டம் தள்ளினத நாங்க திறந்து பாக்கறதில்லம்மா. அதுல இருக்கறதையே பாக்க ஆள் போதல. நீங்க மெசேஜ் வந்த உடனே வந்திருந்தா நானே திருத்தியிருப்பேன். இப்ப லிஸ்ட் முடிஞ்சு பாதிப் பசங்களுக்கு ஆபரேஷனே ஆகிடுச்சு.”

“அடுத்த வருஷம் போடலாமா மேடம்?” என்று கணவர் கேட்டார். கேட்டு முடிக்கும்போதே அவருக்கும் புரிந்துவிட்டது.

“அடுத்த வருஷம் நிஜமாவே வயசு தாண்டியிருக்கும் சார்.”

அவர் வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்தார். கமிட்டிக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள், யாராவது வராமல் போய் ஓர் இடம் காலியானால் வைத்துப் பார்ப்பார்கள், என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“கம்ப்யூட்டர் கோளாறுன்னு எழுது,” என்றார் கணவர் தாழ்ந்த குரலில். “நம்ம மேல போட்டுக்காத. நம்ம தப்புன்னு தெரிஞ்சா குடுக்க மாட்டான்.”

நான் எழுத ஆரம்பித்தேன். கோளாறு என்று எழுதி நிறுத்தினேன். லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை. எந்த நாடு என்று அது கேட்டது, பதில் சொன்னது நான்தான். பொய் எழுதி, அதை யாராவது கண்டுபிடித்து, அதனாலும் இடம் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. நேர்மை பாதி, பயம் பாதி. வேறு தாள் கேட்டு வாங்கினேன். இயங்குதளத்தை நிறுவும்போது நாட்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன், அதனால் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன, தவறு தாயாகிய என்னுடையது, என் மகள் கடைசி நாளன்று ஆறு வயது நிறையாதவள், கருணை கூர்ந்து பரிசீலிக்கவும் என்று எழுதினேன். கணவர் வாங்கிப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். திரும்பும் ரயிலில் அவரும் மகளும் ஜன்னல் பக்கம், நான் எதிரில்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் கைபேசியைக் கையை விட்டு இறக்கவில்லை. குளிக்கப் போகும்போது கூட வாளிக்குப் பக்கத்தில் வைத்தேன். சக்தி கூடிய கருவி வந்தது. அதைப் போட்டால் மேளச் சத்தம், கதவு அடிக்கும் சத்தம் போல ஏதோ தெரிகிறது. பேச்சு தெரியவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழக்குங்கள் என்று மேடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். இனிமேல் அவளிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் அவள் முன்னால் போய் நிற்க வேண்டும்.

அந்த அழைப்பு வந்தபோது சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். பயிற்சி முடிந்து, ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, ஏரிப் பக்கத்துச் சாலையில் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். எண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மகளின் கையை விட்டுவிட்டு, பையைத் தோளுக்கு ஏற்றி, மற்றக் காதைப் பொத்திக்கொண்டேன்.

“அறக்கட்டளையிலேர்ந்து பேசறோம். பேஷன்ட்டோட அம்மாதானே? மேடம், உங்க மனு கமிட்டியில வந்துச்சு…”

ஆண் குரல், எனக்குப் பழக்கமில்லாதது. எதையோ பார்த்துப் படிப்பது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். காலியிடம் எதுவும் வரவில்லை என்றார். பரிதாபத்துக்குரிய கேஸ்தான் என்று எல்லாருமே சொன்னார்கள், ஆனாலும் ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் என்று அவர் ஆரம்பித்தபோது நான் தலை நிமிர்ந்தேன். மகள் இருபது அடி முன்னால் போயிருந்தாள். சாலை ஓரத்துக் காலி மனையிலிருந்து ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அது பீப் பீப் என்று கத்தியது. கிளீனர் பின்பக்கத்தைத் தட்டி, “பாப்பா, பாப்பா, ஓரம் போ” என்று கூவினார். அவள் குனிந்து தரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அடித்தொண்டையிலிருந்து, இரண்டு தடவை. கத்திய பிறகுதான் ஓடினேன். அந்த இரண்டு கத்தலின் நேரத்தையும் வீணாக்கியிருக்கிறேன். தோளைப் பிடித்து இழுத்ததில் இருவரும் மண் மேட்டில் விழுந்தோம். லாரி நின்றது.

“இன்னாம்மா நீ, போன்ல பேசினு வர! புள்ளைக்கு இன்னா காது கேக்காதா?” என்று கிளீனர் கத்தினார்.

“கேக்காதுப்பா,” என்றேன்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். திட்டுகிறேனா, அழுகிறேனா என்று உதட்டில் தேடினாள். நான் அவள் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன். கைபேசி கையிலேயே இருந்தது. அதிலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது.

“ஹலோ? மேடம்? லைன்ல இருக்கீங்களா?”

மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கைபேசியைக் காதுக்குக் கொண்டுபோனேன்.

“இருக்கேன் சார். சொல்லுங்க.”

அவர் முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார்.